மகத் நூறாண்டு: மார்ச் 20-ஐ வைத்துக்கொள்வதா, டிசம்பர் 25-ஐயா?

கடைமடைக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். 2027 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தில் உள்ள மகத் ஊரின் சவுதார் குளத்தில் அம்பேத்கரும் அவரோடு வந்தவர்களும் இறங்கித் தண்ணீர் குடித்து நூறு வருடம் ஆகிறது. எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் அதை நினைவுகூர்ந்து ஒரு நிகழ்ச்சி நடத்தலாம் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் தேதியில்தான் பிடிவாதம். பாதிப் பேர் மார்ச் 20 என்கிறார்கள். இன்னொரு பாதி, மகத் என்றாலே மனுஸ்மிருதியை எரித்த டிசம்பர் 25, 1927தான், அதன் நூறாவது ஆண்டில் வைத்தால்தான் பொருத்தம் என்கிறார்கள்.

எனக்கு டிசம்பர் 25 வேண்டாம் என்று தோன்றுவதற்குக் காரணம் எங்கள் ஊர். கீழத்தஞ்சைப் பக்கம் அந்தத் தேதி கீழவெண்மணிக்கு உரியது. 1968ல் அந்த இரவு கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். எங்கள் படிப்பகத்துக்கு வரும் பெரியவர்களில் சிலருக்கு அது வரலாறு அல்ல, சொந்தக்காரர்கள். அன்றைக்கு வெண்மணிக்குப் போய்விட்டு வந்து வேறொரு நூற்றாண்டு விழா பேச யாருக்கும் மனம் வராது.

ஆனாலும் மார்ச் 20 மட்டும் போதுமா என்ற சந்தேகமும் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகள். அவர்களுக்கு இதை எங்கிருந்து தொடங்கி எதுவரை சொல்வது? மேடைப்பேச்சாக இல்லாமல், நடந்ததை நடந்தபடி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய வாத்தியார்:

மார்ச் 20தான் தம்பி, அதில் இரண்டு பேச்சே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் பிள்ளைகளுக்கு ஒன்றைப் புரியவைக்க வேண்டும். அன்று மகத்தில் யாரும் சட்டத்தை மீறவில்லை. 1923லேயே பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறிவிட்டது. பொதுப் பணத்தில் கட்டிய, பராமரிக்கிற குளம், கிணறு, சத்திரம், பள்ளி, கச்சேரி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அடுத்த வருடமே மகத் நகராட்சியும் சவுதார் குளம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் போட்டது. சரி, அப்புறம்? மூன்று வருடம் ஒருவராலும் அந்தக் குளத்தில் கை நனைக்க முடியவில்லை. முஸ்லிம் எடுக்கலாம், பார்சி எடுக்கலாம், கிறிஸ்தவர் எடுக்கலாம், ஆடு மாடு கூடக் குடிக்கலாம், தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மகர் சாதிக்காரர்கள் குடிக்கக் கூடாது. கோப்பில் இருந்த உரிமையைக் கால் நடந்து போய் எடுத்த நாள் அது, அதனால்தான் அந்தத் தேதி பெரிது.

1927 மார்ச் 19, 20 இரண்டு நாளும் கொலாபா மாவட்ட மாநாடு. இப்போது அது ராய்கட் மாவட்டம். ஆயிரக்கணக்கில் வந்தார்கள், பதினைந்து பதினாறு வயதுப் பையன்களிலிருந்து கிழவர்கள் வரைக்கும், பலர் நடந்தே. அவர்களுக்குக் குடிக்க ஊரில் தண்ணீர் கிடைக்காது என்பதால் சாதி இந்துக்களிடமே 40 ரூபாய் கொடுத்துத் தண்ணீரை விலைக்கு வாங்கி வைத்தார்கள். குளம் பக்கத்திலேயே இருக்கிறது, நகராட்சித் தீர்மானம் கையில் இருக்கிறது, தண்ணீர் மட்டும் காசுக்கு. இதைச் சொன்னாலே பிள்ளைகள் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

இரண்டாம் நாள் மாநாடு முடிகிற நேரம், நன்றி சொல்லிக் கலைய வேண்டியதுதான் பாக்கி என்ற கட்டத்தில் அனந்தராவ் சித்ரே எழுந்து, நகராட்சித் தீர்மானத்தை இன்றே நடத்திக் காட்டுவோம், எல்லோரும் குளத்துக்குப் போவோம் என்றார். ஊர்வலம் ஒழுங்காகத் தெருக்கள் வழியே போனது. அம்பேத்கர் முதலில் இறங்கிக் கையில் அள்ளிக் குடித்தார், பின்னாலேயே எல்லோரும். குடித்துவிட்டு அமைதியாகப் பந்தலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அடுத்து வீரேசுவரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளப்பினார்கள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள், மூட்டை கட்டி ஊர் திரும்பத் தயாரானவர்கள் எல்லோரையும் தடியால் அடித்தார்கள். தப்பி ஓடியவர்கள் பலருக்கு முஸ்லிம் வீடுகளில்தான் இடம் கிடைத்தது. திருப்பி அடிக்கிற பலம் அவர்களுக்கு இருந்தது, பட்டாளத்தில் இருந்து வந்த மகர்களே நிறையப் பேர். அம்பேத்கர் வேண்டாம் என்று கட்டுப்படுத்தினார். பிறகு வழக்கு நடந்து தாக்கியவர்களில் சிலருக்கு நான்கு மாதக் கடுங்காவல் கிடைத்தது.

அதோடு முடியவில்லை. குளம் தீட்டாகிவிட்டதாம். 108 பானையில் தண்ணீரை முகந்து, அதில் சாணம், கோமியம், பால், தயிர் எல்லாம் கலந்து, மந்திரம் சொல்லித் திரும்பக் குளத்திலேயே ஊற்றிச் சுத்தப்படுத்தினார்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

செம்புலம்:

வாத்தியார் சொன்ன எல்லாம் சரி, ஆனால் முடிவோடு உடன்பாடில்லை. மார்ச்சோடு நிறுத்தினால் தண்ணீர் குடித்தார்கள், வென்றார்கள் என்று பிள்ளைகள் மனதில் நின்றுவிடும். உண்மையில் அந்த ஆண்டில் அவர்கள் அந்தக் குளத்தில் மறுபடி இறங்கவே இல்லை.

ஆகஸ்டில் மகத் நகராட்சி தன் தீர்மானத்தைத் தானே ரத்து செய்தது. அதற்குப் பதிலாகத்தான் டிசம்பரில் சத்தியாகிரகம் என்று அறிவிப்பு வந்தது. ஊர் மொத்தமும் கதவை மூடியது. மாநாட்டுக்கு இடம் தர ஒருவரும் முன்வராதபோது ஃபத்தேகான் என்ற முஸ்லிம் தன் நிலத்தைக் கொடுத்தார். கடைக்காரர்கள் விற்க மறுப்பார்கள் என்று அரிசி பருப்பு வரை வெளியூரிலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்து அடுக்கினார்கள். அம்பேத்கர் பம்பாயிலிருந்து படகில் தாஸ்காவ் வரை வந்து, அங்கிருந்து ஊர்வலமாக மகத்துக்கு வந்தார். எதிர்த்தரப்பு இதற்குள் கோர்ட்டுக்குப் போய், குளம் தனியார் சொத்து என்று சொல்லி டிசம்பர் 14 அன்று தற்காலிகத் தடை வாங்கி வைத்திருந்தது.

அந்த மாநாட்டுப் பந்தலில் காந்தி படம்தான் மாட்டியிருந்தார்கள். இதைச் சொன்னால் இன்றைக்குப் பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் 1927ல் நிலைமை அப்படித்தான் இருந்தது. அம்பேத்கர் தன் பேச்சில் 1789ல் பிரான்சில் கூடிய தேசிய சபையோடு இந்தக் கூட்டத்தை ஒப்பிட்டார். இந்தக் குளத்துத் தண்ணீர் குடித்தால் நாம் சாகாவரம் பெற்றுவிடப் போவதில்லை, இதுவரை குடிக்காமல் செத்தும் போகவில்லை, மற்றவர்களைப் போல நாமும் மனிதர்கள் என்று நிலைநாட்டத்தான் போகிறோம் என்கிற அர்த்தத்தில் பேசினார்.

25 இரவு எரித்தார்கள். சின்னக் குழி வெட்டி, அதில் சந்தனக் கட்டை அடுக்கி. தீர்மானத்தை முன்மொழிந்தவர் கங்காதர் நீலகண்ட சஹஸ்ரபுத்தே, பிறப்பால் பிராமணர். இது முக்கியம், ஏனென்றால் அதற்கு முன்பே பிராமணரல்லாதார் இயக்கத்தின் ஜேதே, ஜவல்கர் இருவரும் பிராமணர்களைச் சேர்க்காமல் இருந்தால் ஆதரவு தருகிறோம் என்று நிபந்தனை போட்டிருந்தார்கள், அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. தன் எதிர்ப்பு பிறந்த சாதியோடு இல்லை, உயர்வு தாழ்வு பார்க்கிற எண்ணத்தோடுதான் என்று விளக்கம் சொன்னார். அவர் ஆதரவுக்காக ஏங்கிக்கொண்டிருந்த நேரம் அது, அப்போதும் அந்த விலைக்கு வேண்டாம் என்றார்.

அப்புறம் எனக்கு மகத்திலேயே மிகவும் பெரியதாகத் தெரிவது எரித்ததும் இல்லை, குடித்ததும் இல்லை. சிறைக்குப் போகத் தயார் என்று கிட்டத்தட்ட 4,000 பேர் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள். கலெக்டர் வந்து, கோர்ட் தடை இருக்கிறது, தீர்ப்பு வரும்வரை பொறுங்கள் என்கிறார். அம்பேத்கர் அந்தக் கூட்டத்திடம் போய், தள்ளிவைப்போம் என்று சொல்கிறார். மார்ச்சில் அடி வாங்கியவர்கள் அதில் இருந்தார்கள். பொங்கி நிற்கிற கூட்டத்தைத் தூண்டுவது சுலபம், நிறுத்துவதற்குத் தலைவர் மீது அவர்களுக்கு எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில் குளத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள், ஒருவரும் தண்ணீரைத் தொடவில்லை.

இதைச் சொல்லாத மகத் நிகழ்ச்சி என்ன நிகழ்ச்சி?

தெற்குவாசல்:

இடையில் ஒரு கேள்வி. இதற்கு முன்பே வைக்கம் நடந்துவிட்டதே, பெரியார் அங்கே கோயில் நுழைவுக்காகச் சிறை போனாரே. நம் ஊரில் நிகழ்ச்சி என்றால் அங்கிருந்து தொடங்குவதுதானே முறை? வைக்கம் நூற்றாண்டை அரசு கூடக் கொண்டாடியது.

பழைய வாத்தியார்:

தெற்குவாசல், வைக்கத்தைச் சேர்ப்பது நல்லதுதான், ஆனால் அது கோயில் நுழைவுப் போராட்டம் இல்லை. 1924 மார்ச் 30 அன்று தொடங்கியது கோயிலைச் சுற்றி இருந்த தெருக்களில் நடக்கிற உரிமைக்காக. பெரியார் அதில் இரண்டு முறை சிறை போனார், அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் களத்தில் நின்றார்கள். 1925 கடைசியில் மூன்று பக்கத் தெரு திறந்தது, கிழக்குப் பக்கம் திறக்கவில்லை. கோயிலுக்குள் போகலாம் என்று திருவிதாங்கூரில் அறிவிப்பு வந்தது 1936 நவம்பரில்தான். தெருவில் நடக்க ஒரு போராட்டம், குளத்தில் தண்ணீர் எடுக்க ஒரு போராட்டம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு அந்தக் காலம் கண்ணில் தெரியும். யார் முதலில் என்ற போட்டியாக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

கறுப்பு அங்கி:

நீங்கள் யாரும் சொல்லாத ஒரு தேதி இருக்கிறது: 1937 மார்ச் 17.

1927ல் போட்ட அந்த வழக்கு பத்து வருடம் ஓடியது. வாதிகள் சாதி இந்துக்கள், பிரதிவாதிகள் அம்பேத்கரும் இன்னும் சிலரும். குளம் எங்களுடையது, இல்லையென்றாலும் தீண்டாதவர்கள் அதைத் தொடக் கூடாது என்பது காலங்காலமான வழக்கம், அந்த வழக்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்பது அவர்கள் வாதம். தற்காலிகத் தடை 1928லேயே நீங்கிவிட்டது. மகத் கோர்ட்டில் தோற்றார்கள், தானே மேல்முறையீட்டில் தோற்றார்கள், பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய் அங்கேயும் தோற்றார்கள். குளம் நகராட்சியுடையது, காலங்காலமாக இருந்ததாகச் சொன்ன வழக்கத்தை அவர்களால் நிரூபிக்க முடியவில்லை, இவ்வளவுதான் தீர்ப்பின் சாரம். தீர்ப்புச் சொன்ன இருவரில் ஒருவர் நீதிபதி ப்ரூம்ஃபீல்டு. 1922ல் அகமதாபாத்தில் காந்திக்கு ஆறு வருடம் போட்டவர் அவரேதான்.

தீர்ப்பில் ஒரு குறையும் இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். தீண்டாமை தவறு என்று கோர்ட் சொல்லவில்லை. அந்த வழக்கம் போதுமான அளவு பழையது என்று காட்டத் தவறிவிட்டீர்கள் என்றுதான் சொன்னது. அப்படியென்றால் பழையது என்று காட்டியிருந்தால்? அந்த ஓட்டையை அடைத்தது அரசியல் சட்டம்தான். 17வது பிரிவு தீண்டாமையையே ஒழித்தது. 15(2)ஐ எடுத்துப் படித்தால், அரசுப் பணத்தில் பராமரிக்கிற கிணறு, குளம், குளிக்கும் துறை, சாலை என்று பெயர் சொல்லி வரிசையாக வரும். 1923 போலே தீர்மானத்தின் வாசனை அதில் அப்படியே அடிக்கும். வரைவுக் குழுவின் தலைவர் அந்த வழக்கில் பத்து வருடம் பிரதிவாதியாக நின்றவர்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வெண்மணியும் நினைவுக்கு வராமல் இருக்காது. குற்றம்சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை 1973ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. கோர்ட்டை நம்பிக் காத்திருந்தவர்களுக்கு ஒரு இடத்தில் கிடைத்தது, இன்னொரு இடத்தில் கிடைக்கவில்லை. கடைமடைக்காரன், உங்கள் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் மகத் தீர்ப்பைப் பேசும்போது அதை மனதில் வைத்துப் பேசுங்கள்.

கடைமடைக்காரன்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. தோழர் கறுப்பு அங்கி கடைசியில் சொன்னது மனதில் தைத்தது, அதைக் குழுவில் அப்படியே படித்துக் காட்டினேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். பிள்ளைகள் இதை நாடகமாகப் போடுகிறோம் என்கிறார்கள். குளத்தில் இறங்குவது, அடிதடி, எரிப்பது மூன்றும் காட்சியாக வேண்டுமாம். எரிக்கிற காட்சியை மேடையில் வைத்தால் ஊரில் தேவையில்லாத தகராறு வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்புறம் நாடகத்தில் நடிக்கப் பெண் பிள்ளைகள்தான் அதிகம், ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கிற கதையில் எல்லாம் ஆண்களாகவே வருகிறார்கள். என்ன செய்வது?

மல்லிகைத்தோட்டம்:

தம்பி, பெண்கள் இல்லாத கதை இல்லை அது. டிசம்பர் மாநாட்டின்போது அம்பேத்கர் பெண்களைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள் என்றார். சாதியைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி முழங்காலுக்கு மேல் புடவை கட்டுகிற வழக்கத்தை விடுங்கள், கை நிறைய கால் நிறைய அடுக்கிப் போடுகிற நகைகளைக் குறையுங்கள், செத்த மாட்டு இறைச்சியை வீட்டுக்குள் விடாதீர்கள் என்றெல்லாம் சொன்னார். கேட்டுவிட்டுப் போன பெண்கள் புடவை கட்டுகிற விதத்தை அப்போதே மாற்றிக்கொண்டார்கள். எப்படி உடுத்த வேண்டும் என்பதை ஊர் தீர்மானித்து வைத்திருந்த இடத்தில் அது சாதாரண விஷயமா? எங்கள் தமிழ்நாட்டிலும் ரவிக்கைக்கும் செருப்புக்கும் என்ன பாடு பட்டார்கள் என்று பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும். என் கருத்தில் இந்த ஒரு காட்சியை வைத்தாலே உங்கள் நாடகத்தில் பாதி நிரம்பிவிடும், நடிக்க ஆளும் இருக்கிறது.

எரிக்கிற காட்சிக்கு நெருப்பு எதற்கு? சஹஸ்ரபுத்தே பேசுவது போல ஒரு பிள்ளை எழுந்து, அந்த நூல் சூத்திரர்களுக்கும் பெண்களுக்கும் என்ன விதித்தது, ஏன் எரிக்கத் தீர்மானித்தார்கள் என்று தெளிவாகச் சொல்லட்டும். பயந்து ஒதுக்கிவிடாதீர்கள், நடந்ததை மறைப்பது பிள்ளைகளுக்குச் செய்கிற துரோகம். தீயை மேடையில் கொளுத்த வேண்டாம் என்பது மட்டும்தான் நான் சொல்வது, அதுவும் பிள்ளைகள் பத்திரத்துக்காக.

தண்ணீர் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் தலித் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தது. யார் செய்தது என்பதில் போலீஸ் சொல்வதை அந்த மக்கள் ஏற்கவில்லை, அதற்குள் நீங்கள் போக வேண்டாம். ஆனால் அந்தத் தொட்டித் தண்ணீரைக் குடித்தது குழந்தைகள். உங்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மகத் தூரத்து ஊராகத் தெரியலாம், புதுக்கோட்டை பஸ்ஸில் போய்விட்டு வருகிற ஊர்.

செம்புலம்:

அக்கா சொன்ன பிறகு நான் தேதிக்காகச் சண்டை போடவில்லை. டிசம்பர் 25 வெண்மணிக்கே இருக்கட்டும், கடைமடைக்காரன் சொல்வது நியாயம். ஆனால் மார்ச்சில் வைத்தாலும் டிசம்பர் கதையைச் சொல்லியே ஆக வேண்டும், குறிப்பாகத் தள்ளிவைத்த அந்த முடிவை.

கடைமடைக்காரன்:

குழு கூடிப் பேசியாயிற்று. மார்ச் 17ல் தொடங்கி 20ல் முடிப்பது, நான்கு நாள் சாயங்காலம் மட்டும், ஏனென்றால் அது பரீட்சை நேரம். முதல் நாள் 1937 தீர்ப்பு, அடுத்த நாள் வைக்கமும் 1923 தீர்மானமும், மூன்றாம் நாள் டிசம்பர் மாநாடும் பெண்கள் கூட்டமும், 20 அன்று நாடகம். வருட வரிசையில் இல்லாமல் முன்பின்னாகப் போவதால் பிள்ளைகள் குழம்புவார்கள் என்று ஒருவர் சொன்னார், அதற்கு வருடங்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம் என்று ஏற்பாடு. தோழர் கறுப்பு அங்கி, முதல் நாள் நீங்கள் வந்து பேச முடியுமா? திருவாரூரில் இறங்கினால் நாங்கள் வந்து கூட்டிப்போகிறோம்.

கறுப்பு அங்கி:

வருகிறேன். தீர்ப்பில் முக்கியமான பத்திகளைத் தமிழில் எழுதி முன்கூட்டியே அனுப்புகிறேன், பிள்ளைகளே ஆளுக்கொன்றாகச் சத்தமாகப் படிக்கட்டும், நான் நடுநடுவே விளக்கினால் போதும். 15(2)ஐ மட்டும் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி வையுங்கள்.